வந்த வழியே திரும்பிப் போன முப்பரிமாண டி.வி.



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நட்பைப் பற்றி மூன்று கவிதை, அம்மாவைப் பற்றி நான்கு, செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஐந்து கட்டுரை! எனக்கு மிச்சம் இருந்தது ஒரு பழைய டி.வி. மட்டும்தான். அதைப் பற்றியே எழுதுகிறேன். செத்துப்போன டெக்னாலஜியைப் பற்றி எதுக்குப்பா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைசியில் உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு டி.வி. சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பஸ் பாஸ் போக மற்றச் செலவு அதில்தான் ஓடுகிறது. சென்ற ஆண்டு மார்கழியில் அந்தக் கடைக்கு 46 இஞ்ச் டி.வி. ஒன்று வந்தது. பேக்லைட் ஸ்ட்ரிப் போய்விட்டது. சத்தம் வருகிறது, படம் இல்லை. ஸ்ட்ரிப்பை மாற்றிவிட்டு ரிமோட்டைப் பார்த்தால் '3டி' என்று ஒரு பட்டன்! கடை அண்ணன் சிரித்தார். "பத்துப் பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி இதுக்காகவே கூட ஆயிரமாயிரமா கொடுத்து வாங்குனாங்க தம்பி. இப்ப அந்தப் பட்டன் எதுக்குன்னு வீட்டுக்காரங்களுக்கே தெரியாது" என்றார். மேசை டிராயரைத் துழாவி இரண்டு கறுப்புக் கண்ணாடிகளை எடுத்துக் கொடுத்தார். பென் டிரைவில் ஒரு படமும் வைத்திருந்தார்.

பார்த்தேன். திரையில் ஒரு மீன் நீந்தி வந்து என் மூக்குக்கு முன்னால் நின்றது. என்னை அறியாமல் கையை நீட்டிவிட்டேன்!

ஒரு தட்டையான கண்ணாடிப் பலகைக்குள் ஆழம் எப்படி வந்தது? நல்லா இருந்த இதை ஏன் உலகமே தூக்கிப் போட்டது? இந்த இரண்டு கேள்விகளும் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

எல்லாம் இரண்டு கண் செய்யும் வேலை

இதைப் படிக்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். கையை முழுதாக நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். இடக்கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு வலக்கண்ணை மூடிப் பாருங்கள். விரல் சுவரின் மேல் இடமும் வலமுமாகக் குதிக்கிறது அல்லவா? பெரியவர்களின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே ஏறத்தாழ 6.3 சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டு கண்ணுக்கும் ஒரே காட்சி கிடைப்பதில்லை. கிட்டே இருக்கும் பொருள் அதிகமாகக் குதிக்கும், தூரத்தில் இருப்பது குறைவாகக் குதிக்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணக்குப் போடுகிறது.

இதை 1838-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கிவிட்டார் சார்லஸ் வீட்ஸ்டன். ஆமாம், மின்தடை அளக்க நாம் லேபில் மல்லுக்கட்டுகிறோமே, அந்த வீட்ஸ்டன் பிரிட்ஜில் பெயர் இருப்பவரேதான்! புகைப்படம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல். அதனால் அவர் கையால் வரைந்த இரண்டு படங்களை, சாய்வாக வைத்த இரண்டு நிலைக்கண்ணாடிகள் வழியே ஆளுக்கொரு கண்ணுக்குக் காட்டினார். தட்டைக் கோடுகள் பெட்டி போல எழுந்து நின்றன. அன்றிலிருந்து இன்றுவரை தத்துவம் ஒன்றுதான்: இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு வேறு படம். ஒன்று இன்னொன்றின் கண்ணுக்குப் போய்விடக் கூடாது.

டி.வி.யில் இருப்பதோ ஒரே திரை. பார்ப்பதோ இரண்டு கண். ஒரே திரையிலிருந்து இரண்டு படங்களைப் பிரித்து அனுப்புவது எப்படி என்பதுதான் எல்லாக் கம்பெனிகளும் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம். மூன்று வழிகளில் கண்ணாடி மாட்டியாக வேண்டும், நான்காவது வழியில் வேண்டாம்.

நிறத்தால் பிரிப்பது

முதல் வழி, சிவப்பு-நீலப்பச்சைக் கண்ணாடி. இடக்கண் படத்தைச் சிவப்பில் மட்டும் காட்டுகிறார்கள். வலக்கண் படத்தைப் பச்சையும் நீலமும் சேர்ந்த நிறத்தில் காட்டுகிறார்கள். சிவப்புத் தாள் சிவப்பை மட்டும் விடும், மற்றத் தாள் சிவப்பைத் தடுக்கும். செலவே இல்லை. கலர் தெரியும் எந்த டி.வி.யிலும், உங்கள் செல்போனிலும்கூட நடக்கும். நிறம் கெட்டுப்போவதுதான் குறை. சிவப்புச் சேலை ஒரு கண்ணுக்கு வெளிச்சமாகவும் மறு கண்ணுக்குக் கறுப்பாகவும் தெரிந்தால் மூளை என்ன செய்யும்? பத்து நிமிடத்தில் தலை வலிக்கும்.

நேரத்தால் பிரிப்பது

2010-ல் சாம்சங், சோனி, பானசோனிக் போன்றவர்கள் விற்ற டி.வி.களில் இருந்தது இந்த வழி. திரையில் இடக்கண் படம், வலக்கண் படம், மறுபடி இடக்கண் படம் என்று மாறி மாறி வரும். கண்ணாடியில் இருப்பது திரவப் படிகத்தால் ஆன கதவு. மின்னழுத்தம் கொடுத்தால் இருட்டாகும், எடுத்தால் திறக்கும். டி.வி.யிலிருந்து அகச்சிவப்புக் கதிரிலோ புளூடூத்திலோ ஒரு சிங்க் சிக்னல் வரும். அதைக் கேட்டுக்கொண்டு கண்ணாடி ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறக்கும். வினாடிக்கு 120 படம் என்றால் ஒரு கண்ணுக்கு 60. இந்த வேகத்தில் மூடித் திறப்பது நமக்குத் தெரிவதே இல்லை.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எல்.சி.டி. திரை மேலிருந்து கீழாக வரி வரியாக எழுதப்படுவது. பழைய படம் முழுக்க மறைந்து புதுப் படம் நிலைப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டால் ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்குள் ஆவி போலத் தெரியும். இதற்கு கிராஸ்டாக் என்று பெயர். டெலிபோன் லைனில் பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்பதற்கும் நாம் அதே வார்த்தையைத்தான் படிக்கிறோம். இதைத் தவிர்க்கக் கதவைக் கொஞ்ச நேரம் மட்டுமே திறக்க வேண்டும். அப்போது வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். இதோடு அறையில் சோக் வைத்த பழைய ட்யூப்லைட் எரிந்தால் போச்சு! அதன் துடிப்பும் கண்ணாடியின் துடிப்பும் சண்டை போட்டு அறையே மினுக்கும். கண்ணாடிக்கு பேட்டரி வேண்டும். முதலில் வந்த கண்ணாடி ஒன்றின் விலை அமெரிக்காவில் 100 டாலருக்கு மேல்.

தளவிளைவால் பிரிப்பது

போலரைசேஷன் என்று ஃபிசிக்ஸில் படித்து, பரீட்சை எழுதி, மறந்தும் போனோமே, அந்தத் தளவிளைவு இங்கே வேலை செய்கிறது. எல்.ஜி. பெரிதாகப் பிடித்துக்கொண்ட வழி இது. எங்கள் கடைக்கு வந்த பெட்டியும் இந்த வகைதான். திரையின் மேல் ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். ஒற்றைப்படை வரிகளின் ஒளியை ஒரு சுற்றிலும், இரட்டைப்படை வரிகளின் ஒளியை எதிர்ச் சுற்றிலும் அது திருப்பிவிடும். கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் ஒரு சுற்றை மட்டும் உள்ளே விடும். பேட்டரி வேண்டாம், கனம் இல்லை, விலையும் குறைவு.

அண்ணன் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். திறந்திருக்கும் என் கண் மேல் கறுப்பு அடித்தது போல இருந்தது. மூடிய கண் நன்றாகத் தெரிந்தது! ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது அதன் சுற்று எதிராக மாறிவிடுகிறது. தன் வழியாக வெளியே போன ஒளியையே அந்தப் பக்கம் உள்ளே விட மறுக்கிறது. புத்தகத்தில் நாலு பக்கம் படித்தும் புரியாதது, கடைச் சுவரில் மாட்டிய ஐம்பது ரூபாய்க் கண்ணாடியில் ஒரு நிமிடத்தில் புரிந்தது.

இதன் குறை வரிகளில் இருக்கிறது. 1080 வரித் திரையில் ஒரு கண்ணுக்கு 540 வரிதான். சானல்காரர்களும் அலைவரிசையை மிச்சம் பிடிக்க இரண்டு படங்களையும் பாதி அகலத்துக்கு நசுக்கி ஒரே ஃப்ரேமில் பக்கம் பக்கமாக வைத்து அனுப்பினார்கள். 1920 புள்ளிகள் 960 ஆயின. 960 பெருக்கல் 540 எவ்வளவு? முழுப் படத்தில் சரியாகக் கால் பங்கு! புளூ-ரே தட்டில் மட்டும் கதை வேறு. அதில் இரண்டு முழுப் படங்களும் இருந்தன. எச்.டி.எம்.ஐ. 1.4 கேபிளில் 1080 வரி, நடுவில் 45 வரி காலி இடம், மறுபடி 1080 வரி என 2205 வரி கொண்ட ஒரே நெட்டை ஃப்ரேமாக அது ஓடியது.

கண்ணாடியே வேண்டாம் என்ற வழி

நான்காவது வழியில் திரையின் முன்னால் மெல்லிய செங்குத்துத் தடுப்புகளோ, நீளமான குட்டி லென்ஸ் வரிசைகளோ இருக்கும். ஒரு பக்கமிருந்து பார்த்தால் ஒரு படம், சற்றுத் தள்ளிப் பார்த்தால் வேறு படம். சிறுவயதில் பிளாஸ்டிக் ஸ்கேலில் பார்த்திருப்பீர்களே, ஆட்டினால் படம் மாறுமே, அதேதான். தோஷிபா 2010 டிசம்பரில் ஜப்பானில் இப்படி டி.வி. விற்றது. 2011-ல் நின்டெண்டோ கையடக்க விளையாட்டுக் கருவியில் வந்தது. ஒருவர் கையில் பிடித்துப் பார்க்க அருமை. வீட்டில் ஆறு பேர் ஆறு இடத்தில் உட்கார்ந்தால் ஆறு பேருக்கும் தனித்தனியாகப் படம் காட்ட வேண்டும். புள்ளிகள் பங்கு போட்டே தீர்ந்துவிடும்.

மலை எங்கே போனது?

இனி நான் சொந்தமாகப் போட்ட கணக்கு. பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம் போதும். நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

திரையிலிருந்து 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறோம். ஒரு பொருளின் இரண்டு படங்களும் திரையில் ஒரே இடத்தில் இருந்தால் பொருள் திரையிலேயே இருக்கும். வலக்கண் படம் இடப்பக்கமாகவும் இடக்கண் படம் வலப்பக்கமாகவும் 6.3 சென்டிமீட்டர் விலகினால், இரண்டு பார்வைக் கோடுகளும் நடுவழியில் வெட்டிக்கொள்ளும். பொருள் ஒன்றரை மீட்டரில் வந்து நிற்கும். என் மீன் வந்து நின்றது இப்படித்தான். எதிர்ப்பக்கமாக 6.3 சென்டிமீட்டர் விலகினால் இரண்டு கோடுகளும் இணையாகிவிடும். பொருள் முடிவிலியில் இருப்பதாகத் தெரியும்.

இப்போது 10 மீட்டர் அகலத் தியேட்டர் திரைக்கு எடுத்த படத்தில் தூரத்து மலைக்கு 6.3 சென்டிமீட்டர் விலகல் வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். அதே படத்தை 1 மீட்டர் அகல டி.வி.யில் போட்டால் விலகல் 0.63 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். நம் இரண்டு கண் இடைவெளி சுருங்குமா? சுருங்காது! கணக்குப் போட்டால் அந்த மலை நம்மிடமிருந்து 333 சென்டிமீட்டரில் வருகிறது. திரைக்குப் பின்னால் வெறும் 33 சென்டிமீட்டர். இமயமலையே ஆனாலும் சுவருக்குள் ஒன்றரைச் சாணில் அடங்கிவிடும்! தியேட்டரில் வாய் பிளந்து பார்த்த அதே படம் வீட்டில் ஏன் பொம்மைக் கொலு மாதிரி இருந்தது என்பதற்கு இதுவே காரணம். படம் எடுத்தவர் மேலும் தப்பில்லை, டி.வி. மேலும் தப்பில்லை. வீட்டுத் திரைக்கென்று விலகலைத் திருத்தித் தராமல் அப்படியே தள்ளிவிட்டால் இதுதான் கதி.

தலைவலிக்கும் ஒரு காரணம் உண்டு. மீன் ஒன்றரை மீட்டரில் நிற்பதாக நினைத்து இரண்டு கண்ணும் உள்பக்கம் திரும்புகின்றன. ஆனால் ஒளி வருவதோ 3 மீட்டரில் உள்ள திரையிலிருந்து; கண்வில்லை அங்கேதான் குவிந்தாக வேண்டும். பிறந்ததிலிருந்து சேர்ந்தே வேலை செய்து பழகிய இரண்டு வேலைகளை நாம் பிரித்து இழுக்கிறோம். மாட்டு வண்டியில் ஒரு மாடு கிழக்கே, ஒரு மாடு மேற்கே!

ஏன் திரும்பிப் போனது?

இந்தியாவில் 1984-லேயே மலையாளத்தில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்து, கண்ணாடி மாட்டி ஜனங்கள் பார்த்தார்கள். 2009 டிசம்பரில் 'அவதார்' வந்து உலகத்தையே கலக்கியது. உடனே 2010-ல் கம்பெனிகள் முப்பரிமாண டி.வி.யை வீட்டுக்குக் கொண்டுவந்தன. அமெரிக்காவில் ஈ.எஸ்.பி.என். தனி 3டி சானலே ஆரம்பித்தது, 2013-ல் மூடிவிட்டது. அதே 2013-ல் இங்கிலாந்தின் பி.பி.சி.யும் 3டி ஒளிபரப்பை நிறுத்தி வைத்தது. 2016-ல் சாம்சங் புது மாடல்களில் விட்டது, 2017-ல் எல்.ஜி.யும் சோனியும் விட்டன. ஏழே வருடத்தில் கதை முடிந்தது.

படம் போதவில்லை, விலை அதிகம், கண்ணாடி தொந்தரவு என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் என் தாழ்மையான கருத்து வேறு. அந்த டி.வி. மனிதனைப் பார்த்து, "நீ இப்படித்தான் உட்கார வேண்டும்" என்று சொன்னது. நம் வீடுகளில் யார் டி.வி.க்கு நேரே, தலை நிமிர்த்தி, அசையாமல் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? பாயில் ஒருக்களித்துப் படுத்துப் பார்க்கிறோம். தலை சாய்ந்தால் இரண்டு கண்ணும் மேல்-கீழ் ஆகிவிடும். படமோ இடம்-வலமாகத்தான் விலகியிருக்கிறது. ஆழம் போய் இரட்டைப் படம் மிஞ்சும். எங்கள் கடைக்கு வந்த வகையில், உயரத்தில் மாட்டிய பெட்டியைத் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாலே வரிகள் படலத்தோடு பொருந்தாமல் ஆவி தெரியும். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒரு கண்ணைத் திரையில் வைப்பார். தங்கச்சி வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டே பார்ப்பாள். கிரிக்கெட் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நிற்பார்கள். பெட்டியோடு கொடுத்த இரண்டு நான்கு கண்ணாடி எந்த மூலைக்கு?

இன்ஜினியர் ஒளியை அளந்தார், வரியை அளந்தார். பார்க்கப் போகிற வீட்டை அளக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்த ஜனங்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர்கள் செய்தது சரி.

இங்கேயே கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் முடிக்க முடியவில்லை.

அப்பா வந்தார்

அந்த டி.வி.யை வீட்டுக்காரர்கள் எடுத்துப் போவதற்கு முந்தின நாள், கடை அண்ணனிடம் கேட்டுவிட்டு அப்பாவை அழைத்து வந்தேன். நான் கண்ட அதிசயத்தை அவருக்கும் காட்ட வேண்டும் என்று ஆசை. மகன் படித்ததற்கு அடையாளமாக ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டாமா?

கண்ணாடியை மாட்டிவிட்டேன். மீன் வந்தது. நான் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை நீளவில்லை.

"எப்படிங்கப்பா இருக்குது?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. கொஞ்சம் மங்கலாத் தெரியுது, அவ்வளவுதான்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை பார்த்தார், மாட்டி ஒருமுறை பார்த்தார். மெதுவாகக் கேட்டார், "இதுக்கு ரெண்டு கண்ணும் வேணுமாட்ட இருக்குது, இல்லீங்களா தம்பி?" கேட்டது என்னை அல்ல, கடை அண்ணனை. அண்ணன் பதில் சொல்லாமல் டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

நண்பர்களே, என் அப்பாவுக்கு வலக்கண் பார்வை கிடையாது. இது எனக்குத் தெரியாததா? ஐந்து வயதிலிருந்து தெரியும். இரண்டு கண்ணின் கணக்கை ஒரு வாரமாக நோட்டு முழுக்கப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கணக்கு என் அப்பாவுக்குப் பொருந்தாது என்பது மட்டும் ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. பார்க்கப் போகிற ஆளை அளக்காத இன்ஜினியர்களைக் குறை சொன்னேனே, அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான்.

அப்பா ஒரு வார்ப்படப் பட்டறையில் பிசிறு தட்டி கிரைண்டிங் பிடிக்கும் வேலையில் இருந்தார். ஒருநாள் சக்கரத்திலிருந்து தெறித்த ஒரு சில்லு. அவ்வளவுதான். அந்தப் பட்டறையில் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இல்லை. இருந்தது. எட்டுப் பேருக்கு ஒன்று, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீறல் விழுந்து, எதிரில் இருப்பது தெரியாது, வேர்வையில் ஆவி படியும், மாட்டினால் வேலை ஓடாது என்பதால் யாருமே மாட்டுவதில்லையாம். முதல் நாள் ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்தார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அப்பா இப்போது ஒரு குடோனில் இரவுக் காவல்.

அன்று ராத்திரி வீட்டில் அப்பாவைக் கவனித்தேன். சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றும்போது சொம்பின் விளிம்பை டம்ளர் விளிம்பில் தொட வைத்த பிறகுதான் சாய்த்தார். படி இறங்கும்போது காலால் ஒருமுறை தடவிப் பார்த்து இறங்கினார். ரோட்டைக் கடக்கும் முன் தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டுவார். சின்ன வயதில் அது அப்பாவின் பழக்கம் என்று நினைத்து நானும் ஆட்டிக் காட்டியிருக்கிறேன். அது பழக்கம் இல்லை, கணக்கு! தலையை அசைத்தால் கிட்டே உள்ளது வேகமாக நகரும், தூரத்தில் உள்ளது மெதுவாக நகரும். பஸ் ஜன்னலில் கம்பம் ஓடுவதும் மலை கூடவே வருவதும் அதனால்தான். இரண்டு கண் ஒரே நேரத்தில் செய்வதை அவர் ஒரு கண்ணால், இரண்டு இடத்திலிருந்து, ஒன்றன் பின் ஒன்றாகச் செய்துகொள்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்காமல், எந்தப் புத்தகமும் படிக்காமல்! தலையில் மாட்டும் வி.ஆர். கருவிகள் நம் தலை அசைவை அளந்து படத்தை நகர்த்துவதும் இதே தத்துவம்தான். அதில் அப்பாவுக்கும் கொஞ்சம் ஆழம் தெரியும் என்று நினைக்கிறேன். என்றைக்காவது காட்டுவேன்.

கேட்க வேண்டியது இதுதான்

இப்போது உங்களிடம் கேட்கிறேன். முதலாம் ஆண்டு வொர்க்‌ஷாப்பில் பெடஸ்டல் கிரைண்டர் முன்னால் நின்றபோது நம்மில் எத்தனை பேர் கண்ணாடி மாட்டியிருந்தோம்? நான் மாட்டவில்லை. ஒற்றைக் கண் அப்பாவின் மகன், உளியைத் தீட்ட வெறுங்கண்ணோடு நின்றேன். "ஈ.சி.இ.க்காரனுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று பக்கத்தில் இருந்தவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அப்பாவுக்கு இது இன்னும் தெரியாது. ஷூ இல்லாமல் போனால் நம்மை வாசலிலேயே நிறுத்துகிறார்கள். காக்கி போடாமல் போனால் திருப்பி அனுப்புகிறார்கள். கண்ணாடி இல்லாமல் போனால் யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்டுக்கொள்வதில்லை.

"டி.வி. கண்ணாடியைக் கழற்றி வைத்த ஜனங்கள் செய்தது சரி என்றாய், வேலைக் கண்ணாடியைக் கழற்றிய தொழிலாளி செய்தது மட்டும் தப்பா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் பல நாள் யோசித்தேன். இரண்டிலும் கண்ணாடி தொந்தரவாகத்தான் இருந்தது. ஆனால் டி.வி.யில் அதைக் கழற்றினால் ஒரு மீன்தான் போகும், நாளைக்கு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். கிரைண்டர் முன்னால் கழற்றினால் போவது திரும்பி வராது. அதனால் "மாட்டு, மாட்டு" என்று போர்டு எழுதி வைத்தால் மட்டும் போதாது. மாட்டக்கூடிய கண்ணாடியாகக் கொடுக்க வேண்டும். கீறல் இல்லாதது, ஆவி படியாதது, பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்ட முடிவது, ஆளுக்கு ஒன்று. எட்டுப் பேருக்கு ஒன்று என்றால் அது ஆணிக்கு மாட்டிய கண்ணாடி!

நம் யூனியன் வரும் ஆண்டு இதை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். டூர், கல்ச்சுரல்ஸ் எல்லாம் வேண்டியதுதான், நானும் ஆடுவேன். ஆனால் முதலாம் ஆண்டு சேரும் தம்பி தங்கைகளுக்கு டிராஃப்டர் வாங்கச் சொல்வது போல ஒரு நல்ல பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயமாக இருக்கட்டும். வாங்க முடியாதவர்களுக்கு யூனியன் நிதியிலிருந்து கொடுப்போம். மெக்கானிக்கல் தோழர்களே, இது உங்களுக்கு மட்டும் என்று மற்றத் துறையினர் ஒதுங்கக் கூடாது. சால்டரிங் ஈயம் தெறிப்பதும், வெட்டிய ஒயர் நுனி பறப்பதும் எங்கள் லேபில்தான்.

இன்னொன்று. செத்த டெக்னாலஜி எதற்கு என்று கேட்காதீர்கள். டி.வி. போனதே தவிர இரண்டு படத் தத்துவம் போகவில்லை. 2000-லிருந்து ஆஸ்பத்திரிகளில் உள்ள டா வின்சி ரோபோ அறுவைக் கருவியில் டாக்டர் இரண்டு கண்ணாலும் ஆழம் பார்த்தே தைக்கிறார். வி.ஆர். கருவி, முப்பரிமாண சினிமா, எல்லாவற்றிலும் வீட்ஸ்டன் உட்கார்ந்திருக்கிறார். பழைய பெட்டி எது கிடைத்தாலும் திறந்து பாருங்கள். திறக்கும்போது, யாருக்காக இதைச் செய்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்றும் கேளுங்கள். சிலபஸில் இந்தக் கேள்வி வராது. நம் வீட்டிலிருந்துதான் வரும்.

படிப்பு முடிந்து வேலைக்குப் போகும்போது நம்மில் பலர் சூப்பர்வைசராக நிற்போம். நம் கீழே எட்டுப் பேர் நிற்பார்கள். அன்றைக்கு ஆணியில் எத்தனை கண்ணாடி தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று மட்டும் தொங்கினால், மிஷினை ஆன் பண்ண விடாதீர்கள்.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை